பொன்னாடைக்குள் ஒரு பட்டிமன்றம்

பிள்ளை பெற்றவளின் மூளை எங்கே போகிறது என்று என்னைக் கேட்டால், எங்கேயும் போவதில்லை, இடமாற்றம் கிடைத்து வேறு கந்தோருக்குப் போகிறது என்றுதான் சொல்வேன். ஆள் அதே ஆள்தான். இருக்கிற கதிரைதான் வேறு. பழைய கந்தோர் வாசலில் போய் நின்று "ஆள் எங்கே, ஆள் எங்கே" என்று கத்தினால் யார் பதில் சொல்வார்கள்? நான் உயிரியல் படிப்பிக்கிற ரீச்சர். மூளையைக் கரும்பலகையில் கலர் சோக்கால் கீறி, பாகம் குறித்து, பிள்ளைத்தாய்ச்சிக் காலத்தில் அது தன்னைத்தானே எப்படி மாற்றி அடுக்கிக்கொள்கிறது என்று எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். அதெல்லாம் எனக்குப் பிள்ளை பிறப்பதற்கு முன்பு. பிறந்த பிறகு அதே விளக்கத்தை மேடையேறிச் சொல்லப் போனேன். அன்றைக்கு என் மானம் கப்பலேறி, நாயாற்று முகத்துவாரத்தைத் தாண்டிப் போனது இன்னும் திரும்பி வரவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது தர்மபுரம். எங்கள் வீட்டில் நெல்லும் கச்சான் கடலையும். கல்யாணம் செய்து வந்த நாயாற்று வீட்டில் வலையும் மீனும். கணவர் ஜெறோம் கடற்றொழில். மாமி, அதாவது ஜெறோமின் அம்மா, கடற்கரை வாடியில் மீன் ஏலம் கூறிப் பழகிய மனுசி. அவா வீட்டுக்குள் மெல்லமாகக் கதைத்தாலே அடுத்த வளவு நாய் எழும்பிவிடும். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடமும் அந்தக் கரையில்தான் இருக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கவில்லை. உயிரியல் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை டவுனுக்கு பஸ் ஏற வேண்டும். பொம்பிளைப் பிள்ளையென்றால் வீட்டில் யோசிப்பார்கள். யோசித்து யோசித்தே பதிவு நாள் முடிந்துவிடும், பிள்ளை கருவாடு காயப்போடப் போய்விடும். இதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் நான் அதிபரின் பின்னால் அலைந்தேன். வீடு வீடாகப் போய்த் தாய் தகப்பனைப் பிடித்தேன். ஒருமாதிரி வகுப்புத் தொடங்கியது. ஒரு நீள வாங்கில் இருத்திவிடக் கூடிய அளவு பிள்ளைகள்தான், முழுக்கப் பெட்டைகள். ஆனால் அது என்னுடைய வகுப்பு. அது நன்றாக ஓடத் தொடங்கிய நேரம் பார்த்து எனக்குப் பிள்ளை பிறந்தது.

நான் பிரசவ லீவில் நின்றபோது வவுனியாவிலிருந்து றஜீவன் சேர் வந்தார். இளம் ஆள், கல்யாணம் ஆகவில்லை. சேட்டு எப்போதும் மடிப்புக் குலையாமல் இருக்கும். பிள்ளைகளின் பெயர், பஸ் நேரம், அதிபரின் கல்யாண நாள் என்று எதையும் மறக்காத மனிதன். (அப்படிப்பட்டவர்களை எனக்கு இப்போதும் பிடிக்காது.)

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் கிழமை, பஸ்ஸில் எனக்கு இருக்க இடம் கிடைத்தது. நின்றுகொண்டு வந்த ஒரு ஐயா, "பிள்ளை, இதை ஒருக்கா மடியில வைச்சிருங்கோ" என்று ஒரு பூசணிக்காயைத் தந்தார். வாங்கி வைத்தேன். இரண்டாவது சந்தி வருவதற்குள் அது என் தோளில் கிடந்தது. நான் அதன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன். ஐயா இறங்கும்போது, ஒரு கையை அடியில் கொடுத்து மற்றக் கையால் மேல்பக்கத்தைத் தாங்கி, "தலை கவனம்" என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் அதை அப்படியே தாங்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் பெரிய அவமானம்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அதே கிழமை உயர்தர வகுப்பில் பாடத்தை முடித்தேன். வழக்கமாக, "எல்லாருக்கும் விளங்கிச்சுதோ?" என்று கேட்பேன். அன்று புத்தகத்தை மூடிவிட்டு, பால் குடித்த பிள்ளையிடம் ஏப்பம் கேட்கிற மாதிரி, மிகவும் அக்கறையாக, "எல்லாரும் ஏவறை விட்டாச்சோ?" என்று கேட்டேன்.

பெட்டைகள் நல்ல பிள்ளைகள். "ஓம் ரீச்சர்" என்றார்கள். ஆனால் அன்று மத்தியானத்துக்குள் அந்தக் கதை சிற்றுண்டிச்சாலை வரைக்கும் போய்விட்டது. அடுத்த நாள் அதிபர் கூப்பிட்டார்.

அதிபர் நல்ல மனிதர். ஓய்வுபெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்றால் கெட்ட செய்தி வருகிறது என்று அர்த்தம். துடைத்தார்.

"பிள்ளை, நான் குறை சொல்லேல்லை. எனக்கும் பிள்ளையள் இருக்கு. மூத்தவன் பிறந்த நேரம் என்ர மனிசி தேத்தண்ணிக்குச் சீனியெண்டு சவர்க்காரத் தூளைப் போட்டுத் தந்தவா. நான் குடிச்சனான். அதாலதான் எனக்கு விளங்குது."

"என்ன சேர் விளங்குது?"

"இந்த வருஷம் நீங்கள் ஆறாம் தரத்து விஞ்ஞானத்தை எடுங்கோ. கொஞ்சம் ஆறுதலா இருக்கும். உயர்தரத்தை றஜீவன் சேர் பாக்கட்டும். அடுத்த வருஷம் பாப்பம்."

அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் "அடுத்த வருஷம் பாப்பம்" என்றால் என்ன அர்த்தம் என்று படிப்பிக்கிற எல்லோருக்கும் தெரியும். அழுதால் அதற்கும் மூளைதான் காரணம் என்பார்கள், அதனால் அழவில்லை.

"சேர், அந்த வகுப்பை நான் குடுக்கமாட்டன்."

"குடுக்கச் சொல்லேல்லை பிள்ளை, கொஞ்சம் ஆறச் சொல்லுறன்."

"எனக்கு ஆற வேண்டாம் சேர். என்ர மண்டைக்குள்ள ஒரு பழுதும் இல்லை. நிரூபிச்சுக் காட்டுறன்."

எப்படி நிரூபிக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அதிபருக்குத் தெரிந்திருந்தது. அன்னையர் தின விழாவுக்குப் பட்டிமன்றம் வைக்க அவர் ஏற்கெனவே யோசித்திருந்தார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, அந்த இடத்திலேயே தலைப்பையும் கண்டுபிடித்தார்: தாய்மை ஒரு பெண்ணின் மூளையைக் கூர்மையாக்குகிறதா, மந்தமாக்குகிறதா? நடுவர் அவர்தான். கூர்மை என்று நான். மந்தம் என்று றஜீவன் சேர். பேச முன்வந்த ஆட்கள் குறைவு என்பதால் ஓர் அணிக்கு ஒரு பேச்சாளர்தான். என் அணியின் தலைவியும் நானே, அணியும் நானே.

"அது முடியட்டும், பேந்து வகுப்பைப் பற்றி முடிவெடுப்பம்" என்றார். அவர் பகிடியாகச் சொன்னாரோ என்னவோ, நான் அதை நீதிமன்றத் தவணை மாதிரி எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் போய்ச் சொன்னபோது ஜெறோம் வலையிலிருந்து பாசி எடுத்துக்கொண்டிருந்தார். "ஏனப்பா உமக்கு இந்த வேலை? அந்தப் பெடியனிட்ட வகுப்பைக் குடுத்துப்போட்டு நிம்மதியா இரும்" என்றார்.

"உங்களுக்கு ஒரு கிழமை காய்ச்சல் வந்தால், போட்டை ஒருத்தனிட்டக் குடுத்துப்போட்டு நிம்மதியா இருப்பியளோ?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் பாசியை மட்டும் எடுத்தார்.

பேச்சைக் குசினியில் பழகினேன், கிணற்றடியில் பழகினேன், மகள் ஜெனியைக் குளிக்கவார்க்கும்போதும் பழகினேன். "நடுவர் அவர்களே" என்று நான் குரலெடுத்தால் போதும், ஜெனி பொக்கை வாயைத் திறந்து சிரிக்கும். "அந்த நடுவர் மனிசனை நேரில கண்டால் பிள்ளை என்ன செய்யுமோ" என்று மாமி கவலைப்பட்டா.

திட்டம் சுத்தமான திட்டம். விழாவுக்கு முன்பு ஜெனிக்கு வயிறு நிறையப் பால் கொடுப்பது. மாமி பிள்ளையோடு விஞ்ஞான கூடத்தில் இருப்பது. நான் பேசி, வென்று, இறங்கி வந்து அடுத்த பாலைக் கொடுப்பது. இதில் நான் கணக்கில் எடுக்காத ஒன்று பிரதம விருந்தினர். வலயக் கல்விப் பணிப்பாளர் வரவேண்டியிருந்தது. பிரதம விருந்தினர் சொன்ன நேரத்துக்கு வந்ததை எந்த விழாவில் யார் கண்டார்கள்? பாண்ட் பிள்ளைகள் கேற்றடியில் வெயிலில் நின்றார்கள். வரவேற்பு நடனப் பிள்ளைகளின் முகப் பூச்சு வழிந்தது. அவரைப் போர்த்திக் கௌரவிக்கிற மஞ்சள் பொன்னாடை, மேடையில் என் கதிரைக்குப் பக்கத்து மேசையில் தட்டோடு காத்திருந்தது. தாய்மாரெல்லாம் ஓலையாலும் அழைப்பிதழாலும் விசிறிக்கொண்டு இருந்தார்கள்.

கடைசியில் அதிபர் பொறுமையிழந்தார். "பட்டிமன்றத்தைத் தொடங்குவம். அவர் வாற நேரம் வரட்டும்" என்றார்.

அதற்குள் ஜெனியின் அடுத்த பால் நேரம் கிட்டிவிட்டது. எனக்கு நெஞ்சு கனத்தது. அது மேடைப் பயம் என்று நினைத்தேன். (உயிரியல் ரீச்சர்.)

முதலில் நான் பேசினேன். தொடக்கம் பிழையில்லை. வியர்த்தது. கைப்பைக்குள் கைவிட்டு லேஞ்சியை எடுத்து, நடுவரைப் பார்த்தபடியே நெற்றியையும் கழுத்தையும் ஒற்றினேன். முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. பார்த்தால் கையில் ஜெனியின் கழுத்துத் துணி, அதில் ஒரு வாத்துப் படம். சரி, போகட்டும் என்று விடாமல் தொடர்ந்தேன். ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. ஏனென்று எனக்கு விளங்கவும் இல்லை. றஜீவன் சேர் எழும்பிப் பேசத் தொடங்கியபோதுதான் விளங்கியது.

"நடுவர் அவர்களே, எனது மதிப்புக்குரிய சக ஆசிரியை ஆற்றிய உரையில் அரைவாசி எங்களுக்குக் கேட்கவில்லை. காரணம் ஒலிபெருக்கியின் குறைபாடு அல்ல. அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தார். இடைக்கிடை அதைத் தட்டியும் கொடுத்தார். அவரது உரையில் நித்திரையான குழந்தை ஒன்றை முன்வரிசையில் நீங்களே காணலாம்."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு தாயின் மடியில் உண்மையாகவே ஒரு குழந்தை வாயைப் பிளந்து நித்திரை கொண்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்ததாக அவர் ஏவறைக் கதையை எடுத்தார். பூசணிக்காய்க் கதை அவருக்கு எப்படிக் கிடைத்ததோ, அதையும் எடுத்தார். கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்று சொல்லமாட்டேன். மிகவும் நாகரிகமாக, நல்ல தமிழில், என் வகுப்பை என் கையிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். மூன்றாம் வரிசையில் என் பெட்டைகள் இருந்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. எனக்கு அது இன்னும் வலித்தது.

அப்போதுதான் அழுகை கேட்டது. மண்டபத்தில் நாலைந்து பிள்ளைகள் ஏற்கெனவே அழுதுகொண்டுதான் இருந்தன. ஆனால் இது அங்கிருந்து வரவில்லை. இரண்டு கட்டிடம் தள்ளி, விஞ்ஞான கூடத்திலிருந்து வந்தது. என் காதுக்குக் கேட்க முன்பே உடம்புக்குக் கேட்டுவிட்டது. பால் சுரந்து சட்டை நனைந்தது. வான்நீலக் கொட்டன் சேலை உடுத்தியிருந்தேன். (எந்த விசரி இப்படியான நாளில் வான்நீலம் உடுப்பாள்?) இரண்டு பக்கமும் கருநீல வட்டம் விரிந்துகொண்டு போனது. அடுத்த நிமிடம் நான் எழும்பிப் பதில் சொல்ல வேண்டும்.

கை பக்கத்து மேசைக்குப் போனது. மஞ்சள் பொன்னாடையை எடுத்தேன், உதறினேன், இரண்டு தோளையும் மூடிப் போர்த்திக்கொண்டேன்.

பட்டிமன்றத்தில் ஒரு பேச்சாளர் எழும்பித் தனக்குத் தானே பொன்னாடை போர்த்திக்கொள்வதை மண்டபத்தில் ஒருவரும் அதுவரை கண்டதில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெற்றார், இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்திருக்க வேண்டும், கை தட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். கை தட்டினால் கும்பிடுவதுதானே மரியாதை. கும்பிட்டேன்.

கைதட்டல் ஓய்கிறபோது மாமி மண்டப வாசலில் தெரிந்தா. இடுப்பில் ஜெனி, முகமெல்லாம் சிவந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. மாமி நேரே நடுவால் நடந்து மேடைப் படி ஏறினா.

"பிள்ளை, இது இனி என்னட்ட நிக்காது. நீ கதைச்சுக் கதைச்சுக் குடு."

மைக் எதையும் தவறவிடவில்லை. அதிபர் எழும்பி வந்து குனிந்து, "ரீச்சர், ஒரு சின்ன இடைவேளை விடுவமோ?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் நான் இப்போது மேடையை விட்டு இறங்கினால் உயர்தர வகுப்பையும் விட்டு இறங்குகிறேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"வேண்டாம் சேர். நான் இருந்துகொண்டு பேசுறன்."

கதிரையில் இருந்தேன். ஜெனி பொன்னாடைக்குள் போய்விட்டது. றஜீவன் சேர்தான் வந்து மைக்கின் தண்டை என் வாய் மட்டத்துக்கு இறக்கிவிட்டார். அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

பழகிய பேச்சு எல்லாம் மறந்துவிட்டது. அதனால் வாயில் வந்ததைப் பேசினேன். "நடுவர் அவர்களே, எதிரணி சொன்னதெல்லாம் உண்மை. பூசணிக்காயும் உண்மை, ஏவறையும் உண்மை. ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த மண்டபத்தில் இத்தனை பிள்ளைகள் அழுதுகொண்டிருக்க, இரண்டு கட்டிடம் தள்ளி அழுத ஒரு குரல் எனக்கு மட்டும் எப்படிக் கேட்டது? மந்தமான மூளைக்கு அது கேட்குமா? மூளை ஒரு நாளைக்கு வருகிற எல்லாச் சத்தத்தையும் பிடித்து வைத்திருக்க முடியாது. எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று அது தெரிவு செய்கிறது. தாயின் மூளை அந்தத் தெரிவைத் திருத்தி எழுதுகிறது. புதிதாக ஒன்றைப் படிக்கிற மூளை பழைய சிலதைத் தவறவிடும். நீங்கள் எல்லோரும் சைக்கிள் பழகின நாளில் மணி அடிக்க மறந்தவர்கள்தானே?" மூளையின் பாகங்களைச் சொன்னேன், சுரப்புகளைச் சொன்னேன், ஒரு கையால் பொன்னாடைக்கு மேலே காற்றில் படம் கீறினேன். மூன்றாம் வரிசையில் என் பெட்டைகள் அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சைப் போல இன்னொரு பேச்சு நான் என் வாழ்க்கையில் பேசவில்லை. தாய்மார் விசிறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து பாண்ட் முழங்கியது.

பணிப்பாளர் வந்துவிட்டார். பாண்ட் முன்னே வர, மாலையோடு அவர் பின்னே வர, மண்டபம் எழும்பி நின்றது. என்னால் எழும்ப முடியவில்லை. அவர் மேடையேறியதும் உப அதிபர் இன்னொரு மைக்கை எடுத்தார். "அடுத்ததாக, இங்கு கூடியிருக்கும் அன்னையர் சார்பில், எமது உயிரியல் ஆசிரியை, பணிப்பாளர் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பார்."

அந்த வேலையை எனக்குத்தான் தந்திருந்தார்கள். ஒரு கிழமைக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். சுத்தமாக நினைவில் இல்லை.

ஒரு மாணவி தட்டை நீட்டினாள். தட்டு வெறுமையாக இருந்தது. உப அதிபர் மேசைக்குக் கீழே பார்த்தார். அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். பணிப்பாளர் சிரித்த முகத்தோடு தோளைக் கொஞ்சம் குனிந்து தயாராக நின்றார். மண்டபத்தில் இருந்த அத்தனை கண்களும் என்மேல் இருந்த மஞ்சளுக்குத் திரும்பின. அதற்குள்ளிருந்து குடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மாமிதான் நிலைமையைச் சமாளித்தா. "ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. இந்தா, முடியுது."

பணிப்பாளர் பொறுத்தார். ஜெனி ஆறுதலாகக் குடித்து முடித்தது. நான் பிள்ளையை வெளியே எடுத்து, பழக்கதோஷத்தில், போர்த்தியிருந்த பொன்னாடைக்கு மேலேயே தோளில் சாய்த்து முதுகில் தட்டினேன். ஜெனி ஏவறை விட்டது. என் மைக் இன்னும் வாயடியிலேயே இருந்தது. பெரிய மனிசர் விருந்து சாப்பிட்டுவிட்டு விடுகிற மாதிரி ஓர் ஏவறை, நாலு மூலை ஸ்பீக்கரிலும் கேட்டது. சிரிப்பில் மண்டபம் இரண்டாகப் பிளந்தது.

இனி நான் கெதியாகச் செய்ய வேண்டும். பிள்ளையை மாமியிடம் கொடுத்தேன். சேலைத் தலைப்பை இழுத்து முன்னுக்கு மூடினேன். பொன்னாடையைக் கழற்றி, இரண்டு கையாலும் விரித்து, தலை குனிந்து, மிகுந்த மரியாதையோடு பணிப்பாளருக்குப் போர்த்திவிட்டேன். படம் பிடிக்கிறவர் பளிச்சென்று அடித்தார். கையை எடுத்த பிறகுதான் கண்டேன். அவரது இடது தோளில், காதுக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளையாகத் திரைந்த பால். ஏவறையோடு வந்தது சத்தம் மட்டும் இல்லை.

சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அவர் மைக்கடிக்குப் போய்விட்டார். அதிபர் கண்டுவிட்டார். றஜீவன் சேர் கண்டுவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக மாமி மெல்லமாகக் கதைத்தா. "ஆண்டவரே" என்றா.

பணிப்பாளர் உரையாற்றினார். பேசும்போது இடைக்கிடை மூக்கை உறிஞ்சினார். ஒரு தரம் வலப்பக்கம் பார்த்தார், ஒரு தரம் பூச்சாடிக்குள் பார்த்தார். பிறகு எந்த விழாவிலும் சொல்கிற வழக்கத்தில், "தாய்மையின் நறுமணம் இந்த மண்டபமெங்கும் வீசுகிறது" என்றார். மண்டபத்தில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. தன் பேச்சு எடுபடுகிறது என்று அவர் நினைத்து, இன்னும் நீட்டிப் பேசினார்.

அதற்குப் பிறகு அதிபர் தீர்ப்புச் சொன்னார். "வாதத்தில் ரீச்சர் வென்றுவிட்டார். ஆனால் நடுவர் சாட்சியத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது" என்று பணிப்பாளரின் தோளை ஒருமுறை பார்த்தார். "தாய்மை மூளையை மந்தமாக்குகிறது என்றே தீர்ப்பளிக்கிறேன்."

வீட்டுக்குப் போய்க் குசினிக்குள் இருந்து அழுதேன். தோற்றதற்காக இல்லை. அந்தப் பெட்டைகளின் முகத்தை நினைத்து அழுதேன். மாமி மீன் வெட்டிக்கொண்டே சொன்னா. "ஏன் அழுறாய்? ஜெறோமை மடியில போட்டுப் பால் குடுத்துக்கொண்டு நான் ஏலம் கூறினனான். ஒருத்தரும் மீன் வாங்காமல் போகேல்லை." கொஞ்சம் யோசித்தா. "அண்டைக்குப் பெரிய இறாலைச் சின்னக் கூனி விலைக்குக் குடுத்துப்போட்டன். அது வேற கதை."

திங்கட்கிழமை காலையில் நேரே அதிபரின் கந்தோருக்குப் போனேன். அழவோ கெஞ்சவோ போகவில்லை. தீர்ப்பு பட்டிமன்றத்துக்கு, வகுப்புக்கு இல்லை என்று சொல்லப் போனேன். எனக்கு முன்பே அங்கே ஆட்கள் நின்றார்கள். என் உயர்தரப் பெட்டைகள். வாசலில் நின்றே கேட்டேன். அவர்களில் வாய்க்காரி நிலானி பேசிக்கொண்டிருந்தாள்.

"சேர், எங்களுக்கு ரீச்சர்தான் வேணும். பட்டிமன்றத்தில அவா சொன்னதெல்லாம் நாங்கள் எழுதி வைச்சிருக்கிறம். மூளைப் பாடத்தில அரைவாசி முடிஞ்சுது."

"அவவுக்கு ஏலாமல் இருக்கு பிள்ளையள். மறதி."

"ஓம் சேர், போன கிழமை ஒரே பாடத்தை ரெண்டு தரம் எடுத்தவா. அதே பகிடியும் விட்டவா. நாங்கள் சொல்லேல்லை."

"பாத்தியளோ?"

"இல்லை சேர், எங்களுக்கு ரெண்டாந்தரந்தான் விளங்கினது."

(இரண்டு தரம் எடுத்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.)

உள்ளே போனேன். "சேர், ரெண்டு தரம் எடுத்தது எனக்குத் தெரியாது. ஆனா மூண்டாந்தரம் எடுக்க வேண்டி வந்தாலும் நான்தான் எடுப்பன்."

அதிபர் கண்ணாடியைத் தொட்டார். கழற்றவில்லை. றஜீவன் சேரைக் கூப்பிட்டு, ஆளில்லாமல் கிடந்த இரசாயனவியலைப் பொறுப்பெடுக்கச் சொன்னார். அவர் உடனே ஒப்புக்கொண்டார். "அது நல்லது சேர். உயிரியல்ல ஆபத்துக் கூடுதல்" என்றார். இன்றைக்கு அவர் எங்கள் குடும்பத்துக்கு நல்ல சிநேகிதர்.

ஜெனி இப்போது இரண்டாம் தரம் படிக்கிறாள். எங்கள் வீட்டில் அன்று தொடங்கிய ஒரு பேச்சு இன்னும் ஓயவில்லை. யாராவது கைக்குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டால், "கவனம், பணிப்பாளர் ஆகப் போறியள்" என்று ஜெறோம் எச்சரிப்பார். தர்மபுரத்தில் என் தம்பியின் மகன் பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்குப் போனபோது, மாமி இரண்டு தோளாலும் பணிப்பாளர் ஆனா. பதவி கிடைத்த மாதிரிப் பெருமையாகச் சட்டையைக் காட்டிக்கொண்டு திரிந்தா.

போன வருடம் அதிபர் ஓய்வுபெற்றார். பிரியாவிடைக்குப் பொன்னாடை போர்த்த ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து என்னைத்தான் அனுப்பினார்கள். விரித்துக்கொண்டு கிட்டப் போனேன். மனிதன் கையை நீட்டி என்னை நிறுத்தினார். பொன்னாடையின் ஒரு தலைப்பை வாங்கி, எல்லோரும் பார்க்க மணந்து பார்த்தார், மற்றத் தலைப்பையும் மணந்தார், பிறகுதான் தோளைக் கொடுத்தார். மண்டபம் அடங்கியதும் மைக்கை எடுத்தார்.

"அண்டைக்கு நான் சொன்ன தீர்ப்புப் பிழையெண்டு இந்தப் பிள்ளை இண்டைக்கும் நினைக்கிறா. தீர்ப்புச் சரி. அவவின்ர மூளை எனக்குத் தெரிஞ்சு எத்தினையோ விசயத்தில மந்தம்தான். ஆனா, வகுப்பைக் குடுக்கமாட்டன் எண்ட ஒரு விசயத்தில மட்டும் ஒரு நாளும் மந்தமானதில்லை."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பதில் சொல்ல எழும்பி மைக்கடிக்குப் போனேன். என்ன சொல்ல வந்தேன் என்பது அப்படியே மறந்துவிட்டது. அடுத்த பாடம் உயர்தரம், அது என்னுடையது என்பது மட்டும் நினைவில் இருந்தது. அவரைக் கும்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன்.